அகலமாகிப்போன மாப்பிள்ளை

யார் வீட்டுப் பழைய கல்யாண வீடியோ டிவியில் ஓடினாலும் இப்போதெல்லாம் என் கண் மணமக்களைத் தேடுவதில்லை. தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு, முகூர்த்த நேரத்துக்குச் சாட்சியாக, வீடியோக்காரர் மண்டபத்துச் சுவர்க்கடிகாரத்தை ஒரு தடவை கிட்டத்தில் காட்டுவாரே, அதற்காகத்தான் காத்திருக்கிறேன். கடிகாரம் வட்டமாக இருந்தால் கேசட்டை மாற்றிக் கொடுத்தவர் விவரம் தெரிந்த ஆள், நிம்மதியாகச் சாய்ந்து உட்காரலாம். அது படுத்த முட்டையாக இருந்தாலோ, தாய்மாமன் முதல் தவில்காரர் வரை அந்தக் கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்திருப்பார்கள்; பார்த்துக்கொண்டிருப்பவர்களும் “அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி” என்று பெருமூச்சு விடுவார்கள். எண்ணெயில்லாமல் வாழ்ந்த மனிதர்களைப் பற்றி இப்படி ஒரு பெருமூச்சு.

இந்தக் கிறுக்கு எனக்கு நேற்று வந்ததல்ல. கொட்டகை வாசலில் பிலிம் பொறுக்கிய வயதிலேயே தொற்றியது. என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அறுந்த பிலிமை ஆபரேட்டர் ஒட்டும்போது வெட்டி எறிகிற துண்டுகளுக்குத்தான் எங்களிடம் எத்தனை மவுசு! கோலிக்குண்டுக்கும் தீப்பெட்டிப் படத்துக்கும் ஒரு விலை, கதாநாயகன் முகம் தெரிகிற பிலிமுக்கு வேறு விலை. ஃபியூஸ் போன பல்பின் வயிற்றில் தண்ணீர் நிரப்பி, ஜன்னலில் கோணிச்சாக்கு தொங்கவிட்டு, வாசலில் ஒருவன் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்து வெயிலை உள்ளே திருப்பிவிட, அப்பாவின் வேட்டியில் நாங்களே படம் காட்டினோம். பிலிமைத் தலைகீழாகச் செருக வேண்டும் என்பதுதான் நாங்கள் படித்த முதல் பௌதிகம்.

கறுப்பு வெள்ளைப் படத் துண்டுகளில் ஆட்கள் ஆட்களாகவே இருந்தார்கள். 1973-இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக ‘ராஜராஜ சோழன்’ வந்து, அதன்பின் ஒவ்வொன்றாக ஸ்கோப் படங்கள் எங்கள் தெற்கத்திப் பக்கத்துக்கும் இறங்கிய பிறகு கையில் கிடைத்த துண்டுகளில்தான் வினோதம் தொடங்கியது. திரையில் அகலம் அகலமாகப் பார்த்த அதே ராஜாக்களும் வில்லன்களும் வெயிலில் தூக்கிப் பிடித்த பிலிமில் ஒடிந்து விழுகிற ஒல்லியாக, முகம் நீண்டு, தோள் சுருங்கி நின்றார்கள். தெருவில் இதற்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். “கலர் பிலிம் விலை ஜாஸ்தி. அதான் எல்லாரையும் நெருக்கி நிப்பாட்டி எடுக்கான்” என்று சொன்னேன். அரை டிராயரும் அசைக்க முடியாத நம்பிக்கையுமாக இருந்த அந்தப் பையனை இன்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. ஆனால் பயல் பெரிதாகத் தப்பவில்லை. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்ஸன் என்பவர் 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு சட்டத்துக்கு நான்கு துளை என்று வகுத்த நாளிலிருந்து சினிமாவின் வடிவம் 4-க்கு 3. அதே பிலிமையும் அதே புரொஜெக்டரையும் வைத்துக்கொண்டு அகலத் திரையை நிரப்ப வழி தேடியபோது, ஆன்ரி கிரெத்தியன் என்ற பிரெஞ்சு வானியலாளர் செய்து வைத்திருந்த லென்ஸ் ஹாலிவுட்டின் கையில் கிடைத்தது. படம் எடுக்கும்போது அந்த லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கும். காட்டும்போது அதன் ஜோடி லென்ஸ் இரு மடங்காக விரிக்கும். 1953-இல் ‘தி ரோப்’ என்ற படத்தோடு சினிமாஸ்கோப் பிறந்தது. நெருக்கி எடுக்கத்தான் செய்தார்கள்; மிச்சம் பிடிக்கத்தான் செய்தார்கள்.

ஆக, பிலிமில் ஒல்லியாக இருப்பது கோளாறு அல்ல, ஒப்பந்தம். எங்கோ சென்னையில் ஒருவர் நெருக்கி அனுப்புவதை எங்கள் ஊர் கேபினில் இருக்கும் ஒருவர் அதே அளவுக்கு விரித்துக் காட்டுவார் என்ற நம்பிக்கையின் மேல் நடந்த வியாபாரம். ஸ்லைடும் நியூஸ் ரீலும் முடிந்து விளக்கு ஒரு நொடி தயங்க, திரையின் இரு ஓரத்துக் கறுப்புத் துணியும் கிறீச்சிட்டபடி விலக, வெள்ளைத்துணி அகலமாகிக்கொண்டே போகிற அந்தச் சில விநாடிகளில் படம் தொடங்குவதற்கு முன்பே டிக்கெட் காசு செரித்துவிடும். துணி விலகுவதற்குக் கைதட்டியவர்கள் நாங்கள்! ஆபரேட்டர் லென்ஸ் மாட்ட மறந்துவிட்டால், சான்றிதழிலேயே எழுத்தெல்லாம் ஒட்டடைக் கம்பாக நீண்டு நிற்கும், தரை டிக்கெட்டிலிருந்து “யோவ், லென்ஸைப் போடுய்யா!” என்று குரல் கிளம்பும். ஊரில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூட வாசல் தெரியாது. ஆனால் படத்தின் வடிவம் பிசகினால் அத்தனை பேருக்கும் தெரிந்தது, தெரிந்ததும் கோபம் வந்தது. இந்த விஷயத்தில் பிறகு நாம் கீழே இறங்கித்தான் வந்திருக்கிறோம் என்பது என் கட்சி.

டிவி வந்தது. சென்னையில் 1975-லேயே வந்துவிட்டாலும், கடலோரத் தெற்கில் எங்களுக்கு முதலில் வாய்த்தது 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினிதான். பனை உயரத்துக்குக் கம்பம் நட்டு, காற்றடித்தால் ஒருவன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்ப, கீழிருந்து இன்னொருவன் “வருது, வருது, போச்சு” என்று கத்த, அப்படிப் பார்த்தோம். பின்னர் கொடைக்கானல் கோபுரம் வந்தது, ஒளியும் ஒலியும் வந்தது, ஞாயிற்றுக்கிழமைப் படம் வந்தது. அந்தப் பெட்டியும் 4-க்கு 3. அதற்குள் ஸ்கோப் படத்தை எப்படி அடைப்பது? மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப்படத்தையும் காட்டலாம். காட்டினால், “பாதி டிவி வேலை செய்யல” என்று பக்கத்து வீட்டு ஆச்சி எழுந்து போய்விடுவாள். அல்லது நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் காட்டலாம். காட்டினால், கதாநாயகன் இடது கோடியிலும் கதாநாயகி வலது கோடியிலும் நின்று உருகி உருகிப் பேச, டிவியில் இருவருக்கும் நடுவிலிருந்த பூச்சாடி மட்டும் தெரியும். பெயர்ப் பட்டியல் ஓடும்போது மட்டும் யார் பெயரும் வெட்டுப்படக் கூடாது என்று முழுச் சட்டத்தையும் நெருக்கிப் போடுவார்கள். அப்போது என் பழைய ஒல்லி ராஜாக்கள் ஒரு நிமிஷம் எட்டிப்பார்த்துவிட்டு, இயக்குநர் பெயர் முடிந்ததும் மறுபடி சதை போட்டுக்கொள்வார்கள். ஆச்சிக்குப் பூச்சாடி பரவாயில்லை. கறுப்புப் பட்டைதான் ஆகாது. மேலே கீழே இருந்த அந்தப் பட்டை இருபது வருஷம் கழித்து இடமும் வலமுமாக இடம் மாறி என் வீட்டுக்கே வழக்கு கொண்டுவரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

எனக்குக் கல்யாணம் ஆனது டெக் வாடகைக் காலம். கலர் டிவியும் டெக்கும் சைக்கிள் கேரியரில் கட்டி வர, ராத்திரி முழுக்கப் படம் பார்த்து விடிகாலையில் கண் சிவந்து பல் தேய்த்த காலம். கல்யாண வீடியோ எடுப்பது ஒரு குடும்பத்தின் அந்தஸ்து; அதற்கு ஃபோகஸ் லைட் பிடிக்கிற பையன் ஒருவன், அவன் பின்னால் ஒயரைச் சுருட்டிக்கொண்டே நடக்கிற இன்னொரு பையன். அந்த விளக்கின் உக்கிரத்தில் ஹோமப்புகை ஒரு பொருட்டே அல்ல. நான் அப்போது ஒடிசலாக இருந்தேன் என்பது மரியாதையான சொல். பெண் பார்க்கப் போகுமுன் உள்ளே கூடுதலாக ஒரு பனியன் போடச் சொன்னார்கள் என்பது உண்மை நிலவரம். அம்மா தினம் ராத்திரி நேந்திரம் பழமும் பாலும் கொடுத்துப் பார்த்தாள். தையல்காரர் கோட்டின் தோளில் தன்னால் ஆன அளவு பஞ்சு வைத்துக் கொடுத்தார். கேமரா என் பக்கம் திரும்பும்போதெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்து மார்பை அகட்டிக்கொண்டேன். திரையில் கொஞ்சம் அகலமாகத் தெரிய வேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு பிரார்த்தனை கிடையாது. தெய்வம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வரத்தை மட்டும் இருபது வருஷம் தள்ளிக் கொடுத்தது.

அந்தச் சதுரமான சட்டத்துக்கென்று சில இன்பங்கள் இருந்தன. மணையில் உட்கார்ந்த இரண்டு பேருக்கும், பின்னால் நின்று மாலையைச் சரிசெய்கிற நாத்தனாருக்கும் அது அளவெடுத்துத் தைத்த இடம். குடும்பப் படம் எடுக்கும்போது மட்டும் கஷ்டம். பதினைந்து பேர் வரிசையாக நின்றால் உள்ளே அடங்காது. வீடியோக்காரர் இடது கோடியில் தொடங்கி நிதானமாக வலது கோடிக்குக் கேமராவை நகர்த்துவார். எங்கள் சித்தப்பா ஒருவர் இடது கோடியில் பதிவாகி முடிந்ததும், வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வரிசைக்குப் பின்னாலேயே குனிந்து ஓடி, கேமரா வந்து சேருமுன் வலது கோடியில் ஒன்றுமே நடக்காதவர் முகத்தோடு நின்றார். இன்றும் எங்கள் கேசட்டில் அவர் இரண்டு இடத்தில் இருக்கிறார். இரண்டாம் இடத்தில் லேசாக மூச்சு வாங்குகிறது. அகலத்திரைக் கேமரா வந்த பிறகு யாருக்கும் அந்த ஓட்டத்துக்கு அவசியமில்லாமல் போயிற்று; அகலத்தால் வந்த நஷ்டங்களின் கணக்கில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கேசட்டில் பூஞ்சை பூத்தது. டெக்கில் போட்டால் ஹெட் அடைத்தது. கடைசியில் டெக்கே ரிப்பேருக்குப் போய்த் திரும்பவில்லை. ஸ்டுடியோ வாசல்களில் ‘கேசட்டை சிடியாக மாற்றித் தரப்படும்’ என்று எழுதிய அட்டை தொங்கிய அந்த வருஷங்களில் நானும் போய் நின்றேன். ஒரு விசிடியில் 74 நிமிஷம்தான் அடங்கும் என்பதால் எங்கள் கல்யாணம் மூன்று வட்டுகளானது: முதல் வட்டில் நலங்கு, இரண்டாவதில் தாலி, மூன்றாவதில் பந்தி. மூன்றாவதைத்தான் உறவினர்கள் அதிகம் கேட்டு வாங்கிப் போனார்கள். அடுத்து டிவிடி. அதற்கடுத்து பென் டிரைவ். வீடு மாறும்போதெல்லாம் சாமான் உடைகிற மாதிரி, ஒவ்வொரு மாற்றத்திலும் ஏதோ ஒன்று விட்டுப்போனது.

என்ன விட்டுப்போனது என்பதைத்தான் நான் ரொம்ப நாள் துருவினேன். நம் நாட்டு வீடியோ முறையில் டிவிடிப் படம் ஒன்றின் அளவு 720-க்கு 576 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள்: 1.25 வரும். பழைய டிவியின் 4-க்கு 3 என்றால் 1.33, புது டிவியின் 16-க்கு 9 என்றால் 1.78. இரண்டுமே இல்லை! காரணம், அந்தப் புள்ளிகள் சதுரம் அல்ல. ஸ்கோப் பிலிம் செய்த அதே வேலையைத்தான் டிவிடியும் சத்தமில்லாமல் செய்கிறது: படத்தை நெருக்கி வைத்துக்கொண்டு, ‘இதை 4-க்கு 3 ஆக விரித்துக் காட்டு’ என்றோ ‘16-க்கு 9 ஆகக் காட்டு’ என்றோ ஒரு சின்னக் குறிப்பைக் கோப்பின் தலைப்பில் எழுதி வைக்கிறது. சதுரப் புள்ளிகளாக்கினால் முதலாவது 768-க்கு 576. இரண்டாவது 1024-க்கு 576. மாற்றுகிற மென்பொருள் அந்தக் குறிப்பைப் படிக்காமல் புள்ளிகளை மட்டும் எண்ணி எடுத்தால், நெருக்கிய படம் நெருக்கியபடியே வெளியே வரும். அகலப்படம் என்றால் பழைய ராஜாக்களின் நிலைமைதான். 4-க்கு 3 படம் என்றால் லேசான இளைப்பு, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆபரேட்டர் லென்ஸ் மாட்ட மறந்த அதே கதை. விசில் அடிக்கத்தான் தரை டிக்கெட் இல்லை.

சதுர டிவிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த கடைசி ராஜயோகம் 2006-க்குப் பின் அரசே கொடுத்த இலவசக் கலர் டிவி. 14 அங்குலம், 4-க்கு 3. அதில் எங்கள் கல்யாணம் அச்சு அசலாக ஓடியிருக்கும். அதே காலத்தில் டவுன் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் தட்டை டிவிகள் வரிசையாக வந்து நின்றன. கேபிளில் வந்ததோ பழைய வடிவம், டிவியோ அகலம். கடைக்காரர் இழுத்து விரித்து வைத்திருப்பார். செய்தி வாசிப்பவருக்கு முகவீக்கம், கிரிக்கெட் பந்து கோழிமுட்டை. சாலையில் நின்று பார்த்த கூட்டம் ‘என்னா கிளாரிட்டி!’ என்றது. லென்ஸைப் போடச் சொல்லி உறுமிய அதே ஜனம்.

இதில் ஒரு வேடிக்கை. 16-க்கு 9 என்ற அந்த வடிவம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1980-களில் அமெரிக்காவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், புழக்கத்தில் இருந்த எல்லாத் திரை வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள சட்டங்களாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, பழைய சதுரத்துக்கும் சினிமாஸ்கோப்புக்கும் ஏறத்தாழ சமதூரத்தில் நிற்கிற வடிவமாக அதைக் கண்டெடுத்தார். எந்தப் படத்தைப் போட்டாலும் கொஞ்சம் கறுப்பு மிஞ்சும், யாருக்கும் அதிகம் மிஞ்சாது என்பதுதான் அதன் நியாயம். நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்பு. நம் வீடுகளில்தான் அந்தக் கொஞ்சக் கறுப்பும் செல்லுபடியாகவில்லை. ரிமோட்டில் ‘ஃபுல்’ என்று அழுத்தினால் ஆட்கள் பருப்பார்கள். ‘ஜூம்’ என்று அழுத்தினால் பருக்க மாட்டார்கள், ஆனால் படத்தின் உயரத்தில் கால்வாசி மேலும் கீழுமாக வெட்டுப்படும், மாப்பிள்ளையின் தலைப்பாகையும் பெண்ணின் மெட்டியும் போய்விடும்.

கடைசி முறை மாற்றியபோது எங்கள் ஊர் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பியிடம், பக்கத்தில் கறுப்பு விட்டே கொடுத்துவிடப்பா என்றேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

“அண்ணாச்சி, ரெண்டு சைடும் கருப்பு விட்டா கஸ்டமர் சண்டைக்கு வாராங்க. டிவி வாங்குன காசு வீணாங்காங்க. நான் ஃபுல்லா போட்டுத் தந்திருதேன்.”

“ஆளு குண்டா தெரியுமேப்பா?”

“அதுக்கு யாரும் இதுவரைக்கும் சண்டைக்கு வந்ததில்ல அண்ணாச்சி.”

அவன் சொன்னதும் அனுபவ ஞானம்தான். அப்படித்தான் 4-க்கு 3 கல்யாணம் 16-க்கு 9 ஆகி வீட்டுக்கு வந்தது. திரையில் நான், பஞ்சு வைத்த கோட்டும் இழுத்துப் பிடித்த மூச்சுமாக, அன்று வேண்டிக்கொண்ட அதே அகலத்தில் உட்கார்ந்திருந்தேன். திரைக்கு முன்னால் இருந்தவனுக்கோ டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். இரண்டு பேருக்கும் சுற்றளவில் பெரிய பேதமில்லாததால் என் மகளுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. ஒரு விடுமுறையில் உட்கார்ந்து, மென்பொருளில் குறிப்பைச் சரிசெய்து, கடிகாரம் வட்டமாகிற வரை படத்தை ஒடுக்கி, இரு பக்கமும் கறுப்போடு போட்டுக் காட்டியபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்பா, ஃபில்டர் போட்டியா?” என்றாள். முகத்தை ஒடுக்கிக் காட்டுகிற ஃபில்டர் அவள் போனில் எப்போதும் உண்டு. அப்பாவும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துவிட்டாள். வாழ்க்கையில் ஒருமுறை உள்ளபடி தெரிந்ததற்குக் கிடைத்த மரியாதை.

மனைவியின் வழக்கு வேறு. “ஏங்க, ரெண்டு பக்கமும் கறுப்பா இருக்கே, டிவி போயிருச்சா?” என்றுதான் தொடங்கினாள். விளக்கினேன். கடிகாரத்தைக் காட்டினேன், நெற்றிப் பொட்டைக் காட்டினேன். அவளும் ஊரிலிருந்து வந்திருந்த அவள் தங்கையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். படத்தில் அவர்கள் அம்மா, என் மாமியார், தாம்பாளத்தோடு பந்தலுக்குள் வந்தார். அந்த வருஷம் பெண் கல்யாணத்துக்குக் காசு சேர்த்து, அலைந்து, காமாலையும் வந்து எழுந்து, எலும்பும் தோலுமாக இருந்தவர். உள்ளபடியே தெரிந்தார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கொழுந்தியாள்தான் சொன்னாள்: “அத்தான், முந்தி போட்டதையே போடுங்க. அதுல அம்மா நல்லா பூசினாப்ல இருப்பாங்க.”

என்னிடம் 1.33-க்கும் 1.78-க்கும் பதில் இருந்தது, இதற்கு இல்லை. முந்தியதையே போட்டேன். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்றுக்கு ‘சரி’ என்று பெயர், மற்றதற்கு ‘அம்மா’. எது அதிகம் ஓடுகிறது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

கணக்கு தெரிந்தால் வேலை சுலபம்தான். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் படத்தின் அளவுப் பகுதியைத் திறந்து, காட்ட வேண்டிய அளவு 768-க்கு 576 என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். கட்டளை தட்டத் தெரிந்தவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் இருக்கிறது. அதில் அளவையும் சொல்லி, புள்ளி சதுரம் என்றும் சொல்லிவிட வேண்டும், ஒன்றைச் சொல்லி ஒன்றை விட்டால் மறுபடி கடிகாரம் கோணக்கூடும். பழைய கேசட் படங்களில் கை வேகமாக அசைந்தால் சீப்புப் பல்லாகக் கோடு பிரியும். அதைச் சேர்க்கிற டீஇன்டர்லேஸ் வசதியையும் அப்போதே போட்டுவிடலாம். மாற்றவெல்லாம் பொறுமையில்லை, பார்த்தால் போதும் என்பவர்கள் விஎல்சியில் படத்தை ஓடவிட்டு விசைப்பலகையில் ‘ஏ’ எழுத்தைத் தட்டிக்கொண்டே இருந்தால் வடிவங்கள் ஒவ்வொன்றாக மாறும். 4-க்கு 3 வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஒருகாலத்தில் ஆபரேட்டர் கேபினுக்கு ஏணி வைத்து ஏறினாலும் தொடவிட மாட்டார்கள் அந்த லென்ஸை. இன்று அது நம் விரல் நுனியில் இருக்கிறது. தட்டத்தான் ஆளில்லை.

இனி அந்தக் கவலையும் மிச்சமில்லை என்கிறார்கள். போன மாசம் பார்த்த கல்யாணத்தில் டிரோன் பறந்தது, கிரேன் ஆடியது. ஆனால் எல்லார் கைக்கும் வந்து சேர்ந்தது யாரோ போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்த துண்டுதான். “படுக்க வச்சு எடுப்பா” என்று நான் சொல்லிப் பார்த்தேன். “ஸ்டேட்டஸ்ல அப்பதான் முழுசா வரும் பெரியப்பா” என்றான் பையன். 4-க்கு 3 போய் 16-க்கு 9 வந்தது, அது எழுந்து நின்று 9-க்கு 16 ஆகிவிட்டது. அதை டிவியில் போட்டால் நடுவில் ஒரு ஒல்லிக் கீற்றும் இரு பக்கமும் ஏராளக் கறுப்பும் வர வேண்டும், வருவதில்லை. அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கி, இரு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். செய்தி சேனல்களும் அப்படித்தான் செய்கின்றன. ஆச்சி பூச்சாடியைப் பார்த்தாள், நாம் மங்கலைப் பார்க்கிறோம். கறுப்பை மட்டும் யாரும் பார்க்கத் தயாராயில்லை. மாப்பிள்ளை நடுவில் ஒடிசலாகவும், தனக்கே பக்கவாட்டில் பூதாகரமாகவும், ஒரே நேரத்தில் மூன்று பேராகத் தெரிகிறார். எங்கள் சித்தப்பா இரண்டு இடத்தில் வருவதற்கு ஓட வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கேசட்டோ கீறல் விழுந்த டிவிடியோ நிச்சயம் இருக்கும். பூஞ்சை முழுசாகத் தின்னுமுன் எடுத்து மாற்றுங்கள். ஸ்டுடியோவில் கொடுக்கும்போது ‘4-க்கு 3-லேயே வேண்டும், பக்கத்தில் கறுப்பு இருந்தால் பரவாயில்லை’ என்று ஒரு தாளில் எழுதி, கேசட்டோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிடுங்கள், வாய்ச்சொல் நிற்காது. கோப்பை வாங்கியதும் அங்கேயே ஓடவிட்டு, சுவர்க்கடிகாரமோ பொட்டோ கிட்டத்தில் வருகிற இடத்தைப் பாருங்கள். சரியாக மாற்றிய ஒன்று கையில் இருந்தால் அதிலிருந்து குண்டாக எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கேசட்டை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதற்குக் கிலோ விலைகூடத் தர மாட்டார்கள்.